கூம்புத் துளையும் இரண்டு ரீமர்களும்

மார்ச் 4

எஃகுத் தண்டையும் அதன்மேல் ஏறும் 40 மி.மீ. விட்டமுள்ள ஹப்பையும் 8 மி.மீ. டேப்பர் பின் (ஒரு முனை சிறுத்த கூம்பு முளை) கொண்டு பூட்ட வேண்டும், சரிவு 1:50, அதாவது 50 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். மெட்ரிக் டேப்பர் பின்னில் குறிப்பிடப்படும் அளவு அதன் சிறிய முனையின் விட்டம் என்பதால், ஹப்பின் மறுபுறத்தில் துளை 8.8 மி.மீ. ஆகிவிடும். பெட்டியில் கிடந்த பழைய ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) பொருந்தும்போலத்தான் தெரிந்தது. ஆனால் அது அங்குலக் கணக்கில், 1:48 சரிவில் செய்யப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னோ சிறிய முனையில் மட்டும் கவ்விக்கொண்டு பெரிய முனையில் ஆடும். திரும்ப வைத்துவிட்டேன்.

மார்ச் 5

டிரில்லிங் மெஷினில் ஓட்டுவதற்கு இடப்பக்கம் முறுக்கிய ஸ்பைரல் ரீமரையே தேர்ந்தேன். வலப்பக்கம் முறுக்கியது திருகுபோலத் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு கூம்பில் இறுகிவிடும். இடமுறுக்கு சீவல்களை முன்னால் தள்ளும். நம்முடையது மறுபுறம் திறந்த துளை என்பதால் அவை விழுந்துவிடும். அடி மூடிய துளையாக இருந்திருந்தால் நேர்ப் பள்ள ரீமரைக் கையால் திருப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்திருப்பேன்.

மார்ச் 6

சோம்பலால் முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் 7.9 மி.மீ. துளை மட்டும் போட்டு ரீமரை இறக்கிப் பார்த்தேன். பாதி ஆழத்திலேயே கிறீச்சிட்டது. துளைச் சுவரில் வரிவரியாக அதிர்வுத் தடம். சாதாரண ரீமர் நுனியில் மட்டும் வெட்டும், டேப்பர் ரீமரோ இறங்க இறங்க விளிம்பின் முழு நீளத்தாலும் வெட்டும் என்பதால் சுமை ஏறிக்கொண்டே போகிறது. அசல் வேலையில் 7.9 முழுக்க, பெரிய முனையிலிருந்து 20 மி.மீ. ஆழம் வரை 8.2, 10 மி.மீ. ஆழம் வரை 8.4 என்று படிப்படியாகத் துளைத்து, வேகத்தைக் குறைத்து, கட்டிங் ஆயில் தாராளமாக விட்டேன். சத்தமே இல்லை. கடைசியில் ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கமும் விட்டத்தில் 0.02 மட்டுமே கூட்டுவதால், பின்னைச் செருகிப் பார்த்துப் பார்த்து நிறுத்த முடிந்தது.

மார்ச் 10

அடுத்த வேலை மோர்ஸ் 3 சாக்கெட், அதாவது கருவிகளின் கூம்புத் தண்டு செருகும் துளை. இவ்வளவு உலோகத்தை ஃபினிஷிங் ரீமரால் எடுப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வெட்டு விளிம்புகளில் கீறல்கள் உள்ள ரஃபிங் ரீமர் கையில் இல்லாததால், லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடை (டூலைக் கோணத்தில் நகர்த்தும் மேல்தட்டு) சாய்த்துப் போரிங் செய்தேன், அதாவது ஒற்றை டூலால் துளையின் உட்புறத்தைச் சீவினேன். எங்கே தொடுகிறது என்று பார்க்க, நீல மை பூசிய சென்டரை (அதே மோர்ஸ் கூம்புள்ள லேத் துணைக்கருவி) செருகியபோது வாய்ப்பக்கத்தில் மட்டுமே மை ஒட்டியது. கோணத்தைச் சந்தேகித்துச் சிறிது நேரம் வீணானது. தவறு டூல் உயரத்தில், மையத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே. அப்படி நின்றால் ஸ்லைடு சரியாக இருந்தாலும் சரிவு குறைந்துவிடும். உயர்த்தி மீண்டும் வெட்டியதும் மை நீளம் முழுவதும் பரவியது.

சென்டர் தன் இடத்துக்கு 4 மி.மீ. வெளியே நிற்கும்போது போரிங்கை நிறுத்தினேன். மோர்ஸ் சரிவு ஏறத்தாழ 1:20 என்பதால் விட்டத்தில் மிச்சம் 0.2 மி.மீ. அதை நாளை ஃபினிஷிங் ரீமரால் கையாலேயே எடுக்கிறேன்.