எந்தப் படம் முதலில்

வெள்ளி உலோகத்தின் மேல் வளர்க்கப்படும் சிலிசீன் என்ற ஓரடுக்குச் சிலிக்கன் தாளைப் பற்றிய மதிப்பாய்வு அறிக்கைக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "சார், வெள்ளி இல்லாத இந்தத் தாள் எங்கே இருக்கிறது?" என்று ஆய்வு மாணவி கேட்டார். "அதை எடுத்துவிட்டால் நம் கையில் என்னம்மா மிஞ்சும்?" என்றேன். கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை.

முதல் படம் தனித்து நிற்கும் சிலிசீனுடையது. அதில் எலக்ட்ரான்களின் உந்தத்தைக் குறிக்கும் அச்சில் K என்ற புள்ளியில், அவற்றின் ஆற்றலைக் காட்டும் இரண்டு பட்டைகள் நேர்கோடுகளாக வந்து வெட்டிக்கொள்கின்றன. டிராக் கூம்பு என்று நாங்கள் கொண்டாடுவது அதைத்தான். இரண்டாவது படத்தில் அதே தாள் வெள்ளிப் படிகத்தின் (111) எனப்படும் முகப்பின் மேல் படிந்திருக்கிறது. சிலிக்கனின் பங்கைச் சிவப்புப் புள்ளிகளாகவும் வெள்ளியின் பங்கைச் சாம்பல் நிறத்திலும் மாணவி குறித்திருந்தார். கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு முழுவதும் சாம்பலுக்குள் கரைந்து கிடந்தது.

இதை யாரும் மறைக்கவில்லை. 2012இல் வெள்ளியின் மேல் நேர்கோட்டுப் பட்டையைக் கண்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே காந்தப்புலத்தில் அளந்தவர்கள் கூம்பு இருந்தால் தோன்ற வேண்டிய லாண்டாவ் மட்டங்களை, அதாவது காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் ஆற்றல் படிகளை, காணவில்லை என்றார்கள். அந்தக் கோட்டில் வெள்ளியின் பங்கே பெரிது என்று கணக்கீடுகளும் சொல்லின. தவிர, தனித்தாளைக் காட்டாமல் சிலிசீனின் சிறப்பை விளக்கவும் முடியாது. அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறத்தாழ 0.45 ஆங்ஸ்ட்ராம் உயர வேறுபாட்டில் மேலும் கீழுமாக அமர்ந்திருப்பதால், செங்குத்தான மின்புலம் மேல் அணுக்கள், கீழ் அணுக்கள் என்ற இரு துணை அணிக்கோவைகளையும் வேறுபடுத்தி, எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதியான பட்டை இடைவெளியைத் திறந்துவிடும். தட்டையான ஓரடுக்குக் கிராஃபீனில் அது நடக்காது.

இத்தனையும் நியாயந்தான். ஆனால் கிராஃபைட்டைப் போல உரித்தெடுக்க அடுக்குச் சிலிக்கன் இயற்கையில் இல்லை. 2015இல் செய்துகாட்டிய சிலிசீன் டிரான்சிஸ்டரும் அறை வெப்பநிலையில் வேலை செய்தாலும், காற்றுப் பட்டதும் நிமிடக் கணக்கில் சிதைந்தது. அறிக்கையை மதிப்பாய்ந்த குழுவினரோ மின்புலத்தால் இடைவெளியைத் திறப்பதைப் பற்றியே கேட்டார்கள். இரண்டாவது படம் கேள்வியின்றிக் கடந்து போனது. அதில் எனக்கு நிம்மதியும் இருந்தது. மாணவி முதல் படத்தை நீக்கச் சொல்லவே இல்லை, பின்னால் வைக்கலாமா என்றுதான் கேட்க வந்திருந்தார்.

அடுத்த அறிக்கையில் காப்புப்பொருள் அடித்தளங்களுக்கான கணக்குகள் வரவிருக்கின்றன. வலுவாகப் பிணைக்காத தளத்தில் கூம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அப்படிப்பட்ட தளத்தில் சிலிசீனை வளர்த்தெடுப்பது வேறொரு பெரும்பாடு. படங்களின் வரிசையை அவரே முடிவு செய்யட்டும் என்று நினைத்திருக்கிறேன். குழுவின் முன் நின்று பேசப் போகிறவன் நான் என்பதால், அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.