குற்றவியல் என்றால் வக்கீல் படிப்பா?

"லா காலேஜ் பிள்ளைங்களுக்கு வேற செக்‌ஷன்மா, மாடிக்குப் போங்க." இந்த ஒரு வரியால் எனக்கு ஆறு வாரம் போனது.

நான் படித்தது எம்.ஏ. கிரிமினாலஜி, தமிழில் குற்றவியல். குற்றவியல் நீதிமன்றம், குற்றவியல் வழக்கறிஞர் என்று எங்கும் அதே சொல் புழங்குவதால், கேட்கிறவர்கள் இதை வக்கீல் படிப்பு என்றே நினைத்துவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பல வருடங்களாக இருக்கும் துறை இது. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், பாதிக்கப்பட்டவருக்கு அப்புறம் என்ன ஆகிறது, தண்டனை முடிந்து வெளியே வருபவர் எங்கே போவார் என்பதுதான் பாடம்.

வகுப்பும் தேர்வும் சிரமமில்லை. ஒன்றே ஒன்று: மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில், 2024 ஜூலை 1 அன்று, இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. பழையதை மறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகள்தான். இரண்டையும் படித்தே ஆக வேண்டும்.

என்னைப் படுத்தியது கடைசி செமஸ்டர் ஆய்வேடு. தண்டனைக் கைதிகளின் குடும்பங்கள் அவர்களை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்கின்றன, எப்போது வருவதை நிறுத்துகின்றன என்பது என் தலைப்பு. தமிழ்நாட்டில் 9 மத்திய சிறைகள். அதில் ஒன்றில் கைதிகளிடம் பேச அனுமதி வேண்டும். டிசம்பரில் துறைத் தலைவர் கையெழுத்துடன் சென்னையில் உள்ள சிறைத்துறை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. கடிதத்தின் தலைப்பில் 'குற்றவியல் மாணவி' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்து யாரோ சட்ட மாணவர் பயிற்சிக்கான கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறையும் கழிந்தது, பதிலே இல்லை. போன் செய்தால், "அப்படி எதுவும் வரலையே."

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கினேன். அந்த அலுவலகத்தில் கீழே இருந்து மாடிக்கும் மாடியிலிருந்து கீழேயும் அனுப்பினார்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு எழுத்தர் என் கடிதத்தைக் கண்டுபிடித்து எடுத்தார். நிம்மதியாக மூச்சு விட்டேன், அதற்குள், "கேள்வித்தாள் இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல வேணும். பேர வெளியிட மாட்டேன்னு உறுதிமொழியும் இல்ல. திங்கக்கிழமை வாங்க" என்றார். கைதிகளிடம் தமிழில்தான் பேசப் போகிறேன், தமிழ்ப் படி என் பையிலேயே இருக்கிறது என்றேன். பல்கலைக்கழக முத்திரை இல்லாததால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இதை டிசம்பரிலேயே ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்று எனக்கு உதவியது தபால் பிரிவில் இருந்த ஓர் அக்கா. வாசலில் அழாத குறையாக நின்றவளைக் கூப்பிட்டு, "வரவு எண் வாங்கினியாம்மா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கடிதம் உள்ளே வந்ததும் பதிவேட்டில் ஏறும் எண் அது. அதைச் சொல்லிக் கேட்டால் 'வரலையே' என்று யாரும் சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பி, முத்திரை போட்ட தமிழ்க் கேள்வித்தாள், உறுதிமொழி, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாவது முறை நேரில் கொடுத்து எண்ணை வாங்கினேன். கடிதத்தின் முதல் வரியையும் மாற்றினேன்: 'இது சட்டப் படிப்பு அல்ல, சமூக அறிவியல் ஆய்வுக்கான அனுமதி கோரிக்கை.' அதற்கப்புறம் ஒவ்வொரு போனுக்கும் பதில் கிடைத்தது.

அனுமதி வந்தபோது ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரு மாதம்கூட இல்லை. மூன்று நாள், அதுவும் ஒரு வார்டர் பக்கத்திலேயே நிற்பார் என்ற நிபந்தனையோடு. அவர் நிற்கும்போது, வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை என்று எந்தக் கைதி மனம்விட்டுச் சொல்வார்? முதல் நாள் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் காலை சிறைக்கு வெளியே மனு பார்க்க, அதாவது கைதிகளைச் சந்திக்க, வந்து காத்திருந்தவர்களிடம் போய் உட்கார்ந்தேன். விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்த அம்மாக்கள், பிஸ்கட் பாக்கெட்டும் பழமும் வைத்திருந்த பைகள், பள்ளிக்கு லீவு போட்ட பிள்ளைகள். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லி, சம்மதித்தவர்களிடம் மட்டும் பேசினேன். மூன்று வருடமாக மாதம் தவறாமல் வரும் ஒரு பாட்டி, பஸ் செலவுக்கு எதை நிறுத்தினார் என்று கணக்குச் சொன்னார்: முதலில் மருந்து, அப்புறம் காலைச் சாப்பாடு. என் ஆய்வேட்டின் உயிரான அத்தியாயம் அந்த மரத்தடியில் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பாதி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்.

சரி, வேலை. இந்தப் பட்டம் இருந்தால் எஸ்.ஐ. ஆகிவிடலாம் என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பெண்களுக்குப் பொதுவாக 159 செ.மீ. உயரம் கேட்கிறார்கள். நான் 154. சேரும் முன்பே அளந்து பாருங்கள். குரூப் 2-வில் நன்னடத்தை அலுவலர் பணி இருக்கிறது, நம் படிப்புக்கு நேராகப் பொருந்துவது அதுதான். கற்பிக்க விருப்பமென்றால் நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே உண்டு.

எனக்கு இன்னொரு அடி விழுந்தது குழந்தைகள் பாதுகாப்பு சார்ந்த ஓர் ஒப்பந்தப் பணியில். விளம்பரத்தில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று வரிசை போகும். குற்றவியல் இல்லை. சட்டத்தோடு முரண்பட்ட சிறார், அதாவது குற்ற வழக்கில் சிக்கிய பிள்ளைகள் பற்றி ஒரு முழுத் தாளே படித்திருக்கிறேன். பாடத்திட்டத்தை அச்செடுத்து நீட்டினேன். "லிஸ்ட்ல இல்லம்மா" என்று விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். வக்கீல் படிப்பு என்று ஒரு இடத்தில் அலைக்கழித்தார்கள், அந்தச் சட்டப் பட்டம் இல்லை என்று இன்னொரு இடத்தில் தள்ளினார்கள். உங்கள் பட்டத்தின் பெயர் விளம்பரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கு இணைத்தன்மை, அதாவது அவர்கள் கேட்கும் பட்டத்துக்கு உங்கள் பட்டம் சமம் என்று, காட்ட வேண்டுமென்றால், அறிவிக்கை தேதிக்கு முன்பே அதற்கான அரசாணை வெளியாகியிருக்க வேண்டும்.

இப்போது கைதிகளின் பிள்ளைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. ஆனால் நேர்முகத் தேர்வில் பட்டத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை, அந்த மரத்தடி அத்தியாயத்தைத்தான் படித்திருந்தார்கள்.

போன மாதம் ஜூனியர் ஒருத்தி தன் அனுமதிக் கடிதத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். முதல் வரியை மாற்றிக் கொடுத்தேன். நேற்று போன் செய்தாள். "அக்கா, வரவு எண் வாங்கிட்டேன்."