அக்னி நட்சத்திர நாட்குறிப்பு

மே 7

செயற்கைத் தோலுக்காக முந்தாநாள் இரவு ஊற்றி உறையவைத்த கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) கலவை, வெற்றிடத்தில் பனி முழுவதும் ஆவியாகி, இன்று மதியம் வெள்ளைத் தாளாகக் கைக்கு வந்தது. ஓர் ஓரத்தைக் கத்தரித்து நுண்ணோக்கியில் வைத்தபோது, நடுப்பகுதி ஆப்பம் போலத் துளைகளோடு இருந்தது. தட்டில் படிந்திருந்த அடிப்பக்கமோ மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கந்தான் புண்ணின் மேல் படிய வேண்டியது. வேகமாக உறைந்தால் பனிப்படிகம் சிறுத்துத் துளையும் சிறுத்துவிடும். துளை 20 முதல் 125 மைக்ரோமீட்டர் வரை வேண்டும்.

மே 8

கழுத்துப் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சித்தி இன்று கஞ்சி குடித்தார்.

மே 10

உப்புநீரை ஊற்றி ஊற்றித்தான் கழுத்துத் துணியைப் பிரித்தார்கள். "மெல்லப் பிரிக்கச் சொல்லு தாயி" என்று சித்தி என்னிடம் சொன்னாரே தவிர, நர்ஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்கடியில் துணிச் சுருளை வைத்திருக்கிறார்கள். கழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டுமாம். உள்தோல் போன இடத்தில் புண் தானாக ஆறும்போது சுற்றியுள்ள தோலை இழுத்துக்கொண்டுதான் மூடும், அப்போது தாடை நெஞ்சோடு ஒட்டிவிடும் என்பதை நான் எத்தனையோ கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். தலையணை கேட்டவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

மே 11

மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லை. வெளியே 40 பாகை. மாட்டுத்தோல் கொலாஜனே அந்தச் சூட்டில் அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். கரிமேடு மீன் மார்க்கெட்டில் செதில் வாங்கி எடுத்த கொலாஜன் அதற்கும் முன்பே கெட்டுவிடும். குளிர்பெட்டியைத் திறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மே 13

"நீ செய்யுறத இங்கயே போடச் சொல்லக் கூடாதா?" என்று மாமா கேட்டார். பாஸ்டனில் அறுவை மருத்துவர் பர்க்கும் பொறியாளர் யன்னாஸும் மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து, மேலே சிலிக்கோன் ஏடு வைத்துச் செய்த தோலை, 1981இல் நோயாளிகளுக்குப் போட்டதாக எழுதினார்கள். அமெரிக்காவில் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது 1996இல். இதை நான் ஒரு வாதமாகச் சொன்னேன், அவர் ஒரு மறுப்பாகக் கேட்டுக்கொண்டார். என் தாள் இன்னும் எலியின் முதுகைக்கூடத் தொடவில்லை. அதைவிடக் கடினமானது, அது எப்போது கரைய வேண்டும் என்பது. இரத்த நாளங்கள் உள்ளே ஏற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே கரைந்தால் புண் இழுத்துக்கொள்ளும். கரையாமலே கிடந்தால் உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும். கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் குளுட்டரால்டிஹைடு கூடினால் தாள் உறுதியாகும், ஆனால் அலசியும் போகாத மிச்சம் செல்லைக் கொல்லும். இதைச் சரியாக்கத்தான் வருடங்கள் போகின்றன, அனுமதிக் காகிதங்களுக்காக மட்டுமல்ல.

மே 14

தலையணை கேட்டார்.

மே 16

தட்டை மெதுவாகக் குளிரவிட்டேன். அடிப்பக்கம் திறந்திருக்கிறது! ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் காவலாளி அண்ணனிடம் காட்டினேன். அவர் மரியாதைக்குப் பார்த்தார்.

மே 17

நாளை தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். மெல்லியதாகச் சீவிய தோலில் உள்தோல் கொஞ்சமே வரும் என்பதால் கழுத்து அதன் பிறகும் இழுக்கக்கூடும். பல மாதங்கள் கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது மாமா என்னைப் பார்த்தார். இரத்தம் ஒரு யூனிட் கேட்டிருக்கிறார்கள், காலை ஏழு மணிக்குள் நான் போய்க் கொடுக்க வேண்டும்.