கிணற்றடி நந்தியாவட்டை

செப்டம்பர் 14

கிணற்றடி நந்தியாவட்டையை ஆறு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா மகன் சொல்லியனுப்பியிருக்கிறான். சுவருக்கான கடைக்கால் சரியாக அதன் தூரின் மேல்தான் வருகிறதாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 15

8 குச்சிகள் வெட்டினேன். இளம்பச்சையும் இல்லாமல், முற்றி மரமாகவும் ஆகாமல், பென்சில் தடிமனில் இருந்த கிளைகளாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மூன்று கணு இருக்கும்படி கீழ்க்கணுவை ஒட்டி வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு மேலிலைகளைப் பாதியாக நறுக்கினேன். வெட்டிய வாயில் பால் நிற்கும்வரை தண்ணீரில் போட்டுவைத்தேன். எங்கள் கொல்லை மண் களி. அதில் நேராகச் செருகினால் குச்சி அழுகிவிடும் என்பதால், குடமுருட்டிக் கரையிலிருந்து கொண்டுவந்த வண்டலில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகளில் நட்டு, மாட்டுக் கொட்டகையின் நிழலில் வைத்தேன். விரலில் ஒட்டிய பால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் இரவுவரை பிசுபிசுத்தது. இந்தப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு தூங்கும்வரை போகவில்லை.

செப்டம்பர் 19

அம்மாவின் சர்க்கரை அளவு இறங்கிவிட்டது. 26ஆம் தேதி புரை அறுவை, வலக்கண்.

செப்டம்பர் 20

விடியலில் அம்மா சுவரைத் தடவிக்கொண்டே கிணற்றடிக்குப் போய், பனி உலராத பூவாகப் பார்த்து, இல்லை, தொட்டுப் பார்த்துப் பறித்து, திண்ணையில் மல்லாந்து படுத்து இரு கண்களின் மேலும் வைத்துக்கொள்கிறார். பாட்டி காலத்துப் பழக்கம். பாட்டி இந்தப் பூவின் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த செம்புத் தட்டில் படியும் கரியை வழித்து மையாக்குவார். பல்வலி என்றால் இதன் வேரைத்தான் மென்று துப்பச் சொல்வார். மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை நானே வைத்துப் பார்த்து அறிந்திருக்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புரை என்பது பாவைக்குப் பின்னால் இருக்கும் வில்லையே மங்கிப்போவது. இமைமேல் வைக்கும் பூ அதைக் கரைக்காது என்று நான்காவது முறையாகச் சொன்னேன். பெயரிலேயே கண்ணுக்கு மருந்து என்று வைத்தியர்கள் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டார். பெயரில் அப்படி எதுவும் இல்லை என்று நான் திருத்தியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 24

ஒரே இரவில் இரண்டு கிளைகள் மொட்டையாகிவிட்டன. விரல் நீளத்துக்கு, விரலைவிடத் தடித்த பச்சைப் புழு. ஆடு முகர்ந்துவிட்டு விலகிப்போகும் இந்தப் பாலுள்ள இலையை அரளிக்கு அடுத்தபடியாக அது விரும்பித் தின்கிறது. குச்சியால் தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து உப்பி, அதில் வெள்ளை நடுவோடு இரண்டு நீலக் கண்கள் என்னை உறுத்துப் பார்த்தன. அவை வெறும் புள்ளிகள், பறவையை மிரட்டுவதற்கானவை. தெரிந்தும் ஓரடி பின்வாங்கினேன். கொல்ல மனம் வராமல் வாய்க்கால் ஓரத்து அரளியில் விட்டுவந்தேன்.

செப்டம்பர் 26

நடக்கவில்லை. ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கண் சிவந்திருக்கிறது, பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்று ஒரே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். கண்ணில் எதையாவது விட்டீர்களா என்று கேட்டதற்கு அம்மா என்னைப் பார்த்தார். பேருந்தில், பாபநாசம் தாண்டிய பிறகு, பூ ஊறிய தண்ணீரை மூன்று நாளாக விட்டுக்கொண்டதாகச் சொன்னார். பூக்காம்பைக் கிள்ளினால் துளிர்க்கும் பால்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதுதான் காரணமா, இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27

இன்று பூப்பறிப்பு இல்லை. கிணற்றடி முழுக்க வெள்ளை.

அக்டோபர் 3

2 குச்சிகள் கறுத்து அழுகிவிட்டன. மற்ற ஆறிலும் பச்சை முளை தெரிகிறது என்றாலும் மகிழ்வதற்கில்லை. தண்டில் இருக்கும் சத்தை வைத்துக்கொண்டே குச்சி துளிர்விடும், வேர் விட்டதற்கு அது சாட்சி ஆகாது. இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இழுத்தால் இருக்கிற வேரும் அறுந்துபோகும்.

அக்டோபர் 6

அடுக்கு நந்தியாவட்டை வாங்கி வைத்தால் என்ன என்று அத்தை கேட்கிறார். ரோஜாவைப் போலச் சுருள்சுருளாக இருக்கும். இரவில் மணமும் உண்டு. எங்களுடையது ஒற்றை, காற்றாடி இறக்கையைப் போல ஒரே பக்கமாகத் திருகிய ஐந்து இதழ்கள். சிவபூசைக்கு இதுதான் என்பது அம்மாவின் கட்சி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் வரும் ‘நந்தி’யும் இதுவே என்று பொருள் சொல்வார்கள். எனக்கோ இது பாட்டி நட்ட செடி, அவ்வளவே.

அக்டோபர் 10

முடிந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 11

கட்டுப் பிரித்தார்கள். என்னைப் பார்த்து அம்மா முதலில் சொன்னது, வேட்டிக்கு நீலம் அதிகமாகப் போட்டுவிட்டாய் என்பதுதான். இந்த வேட்டிக்கு நீலமே போடவில்லை. பழுத்த வில்லை எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கும், இனிக் கொஞ்ச நாள் வெள்ளை நீலமாகத்தான் தெரியும் என்று செவிலியர் சொன்னார். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, குனியக்கூடாது. பூவும் கூடாது என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 17

மழை பிடித்துக்கொண்டது. வாளிகளை உள்ளே இழுத்தேன். ஒரு வாளியின் அடி ஓட்டையில் நூல் போல வெள்ளையாக ஒரு வேர்.

அக்டோபர் 20

கொத்தனார் வந்து கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். நான் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது, கறுப்புக் கண்ணாடியோடு அம்மா கிணற்றடியில் நின்றிருந்தார். சுவரைத் தடவாமல், தனியாகவே போயிருக்கிறார். செடியைப் பார்க்கவில்லை. அதன் தூரைப் பார்த்துக்கொண்டே, இந்த வெள்ளைக் கோடு எதற்கு என்று கேட்டார்.