கட்டை போடத்தான் சொன்னார்

"எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்கண்ணே" என்றேன் நான். "கட்டை போடத்தான் தம்பி சொல்றேன்" என்றார் லாரி டிரைவர், வயதில் பெரியவர். பக்கத்தில் நின்ற லோடுமேன்கள் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்பது இப்போது நினைவில் இல்லை. நினைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு தொனியில் கேட்கிறது.

கப்பலூர் யார்டில் இருந்து தேனிக்குப் போகிற லோடு. கூரைத் தகடு அடிக்கிற பட்டறைக்கு மூன்று காயில், அதாவது நடுவில் ஓட்டை விட்டுச் சுருட்டிய இரும்புத் தகடு, ஒவ்வொன்றும் ஆறு டன். மணி ஆறரை தாண்டிவிட்டது, காலை ஷிப்டுக்குச் சரக்கு வேண்டும் என்று அங்கிருந்து நாலாவது போன். பெரியவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஆப்பு, அந்த ஆப்பு நகராதபடி குறுக்கே ஒரு சட்டம், பெல்ட்டுக்குப் பதில் ஓட்டை வழியாகச் செயின். மூன்று காயிலுக்குப் பன்னிரண்டு ஆப்பு. யார்டில் இருந்தது ஏழு. மீதியை வாட்ச்மேன் மழைக்காலத்தில் வெந்நீர் போட எரித்துவிட்டார். அதற்காக அவரை இன்றுவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நல்ல கருவேலங்கட்டை என்று கண்டால் யார்தான் விடுவார்கள்.

பெல்ட் போட்டதற்கு என்னிடம் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான் செயின் அழுத்தி காயிலின் விளிம்பு நசுங்கிவிட்டது என்று ஒரு கஸ்டமர் பணத்தைக் கழித்து டெபிட் நோட் அனுப்பி, அதற்கு நான் திட்டு வாங்கியிருந்தேன். விளிம்புக்கு மேல் வளைந்த தகடு வைத்து அதன் மேல் செயினைப் போட்டால் நசுங்காது என்று பெரியவர் சொன்னார். தகடு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். அந்த விளிம்பே பெல்ட்டை அறுக்கும் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை.

அவருடைய பயம் வேறு. எங்கள் யார்டில் போர்க்லிப்ட் பக்கவாட்டில் இருந்துதான் ஏற்றும், அதனால் காயிலின் ஓட்டை இடமும் வலமுமாகப் பார்த்தபடி உட்காரும். அப்படி வைத்தால் அது உருண்டு வருவது முன்னால், கேபினை நோக்கி. "பிரேக் அடிச்சா என் முதுகுக்குத்தான தம்பி வரும்" என்றார். திருப்பி வைத்தால் வளைவில் பக்கவாட்டில் உருளும், பக்கத்தில் போகிற பஸ்ஸுக்கு ஆபத்து, ஆண்டிப்பட்டி கணவாயில் அது இன்னும் மோசம் என்றேன். இந்த வாதத்தில் நான் சொன்னது தப்பில்லை. ஆனால் எப்படி வைத்தாலும் கட்டை வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை, வேறொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இது அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போதுதான் உறைத்தது.

கடைசியில் அவர் வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகச் சொன்னது நானா, அவராகப் போனாரா என்று கேட்டால், இரண்டும்தான். லாரி ஆபீஸில் இருந்து வேறு வண்டி வந்தது. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், எதுவும் கேட்கவில்லை. ஏழு ஆப்பையும் பகிர்ந்து போட்டு, பெல்ட்டை இறுக்கி, ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டேன். உசிலம்பட்டியில் நிறுத்தி ஒரு தடவை இறுக்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன். ஓட ஓட கட்டை அமுங்கி, கட்டு தளர்ந்துவிடும்.

காலையில் போட்டோ வந்தது. முன் காயில் நாலு விரல் நகர்ந்திருந்தது, ஆப்போடு சேர்ந்தே. டிரெய்லரின் இரும்புத் தளத்தில் பளபளவென்று ஒரு கோடு. "ஒண்ணும் இல்லண்ணே, கணவா இறக்கத்துல ஒருத்தன் பைக்கக் குறுக்க விட்டுட்டான்" என்றான் அந்தப் புது டிரைவர். சரக்கு இறங்கியது, கையெழுத்து வாங்கியாகிவிட்டது, கஸ்டமர் திருப்தி.

அதற்கு அப்புறம்தான் சரக்குக் கட்டுகிற கணக்கைப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், பலமாகப் பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் தள்ளும், பக்கவாட்டில் 0.5 பங்கு என்று வைத்துத்தான் விதி எழுதியிருக்கிறார்கள். ஆறு டன் காயில் என்றால் முன்னால் 4.8 டன். 10 மில்லிமீட்டர் கனத்தில், 80 கிரேடு என்கிற பலமான ரகச் செயினின் வேலைச்சுமையே, அதாவது பாதுகாப்பாகத் தாங்குகிற எடையே, 3.15 டன்தான், அதனால் ஒரு செயின் என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆப்பு உருளுவதைத்தான் தடுக்கும், ஆப்பும் காயிலும் சேர்ந்து வழுக்குவதைத் தடுக்க அந்தக் குறுக்குச் சட்டம் வேண்டும். அந்தக் கோடு சொன்னது இதைத்தான். பெரியவர் எந்தக் கணக்கும் போடாமல் சட்டம் கேட்டிருந்தார்.

சரி, ஆனால் நின்றுவிட்டதே? நாலு விரலோடு நின்றதை நான் கட்டியது போதும் என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த பைக் ஓட்டியவன் இன்னும் பத்தடி முன்னால் குறுக்கே வந்திருந்தால் என்றும் யோசிக்கலாம். நான் நாளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறேன். வழியில் சரக்கு எப்படிக் கட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. எடையையும் பில்லையும்தான் பார்ப்பார்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்பதால் நானும் எடை மேடைச் சீட்டைத்தான் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

இப்போது யார்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஆப்பு நாற்பது இருக்கிறது, வாட்ச்மேன் தொடுவதில்லை. விளிம்புத் தகடும் வாங்கியாயிற்று. எல்லாம் சரியாக நடக்கிறது என்று எழுதத்தான் ஆசை. போன தீபாவளி நெருக்கடியில் விருதுநகருக்கு ஒரு லோடு குறுக்குச் சட்டம் இல்லாமல் போனது. நேர் ரோடுதானே, கணவாயா இருக்கிறது என்று நினைத்தேன். நேர் ரோட்டிலும் பைக் குறுக்கே வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

பெரியவர் எங்கள் யார்டுக்கு அதற்கப்புறம் வரவில்லை. அந்த ஒருநாள் வாடகையை அவர் இழந்தது இழந்ததுதான். போன மாதம் திருமங்கலத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். நான்தான் போய்ப் பேசினேன்.

"அன்னைக்கு அந்த லோடு போய்ச் சேந்துச்சா தம்பி?"

"சேந்துருச்சுண்ணே."

நாலு விரல் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்புறம் என்ன" என்று டம்ளரை வைத்துவிட்டு, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.