டீசல் டேங்க் ஒழுகல்: இடது பக்கம் முடிந்தது

முதல் வேலையாக பில்ஜ் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். படகின் அடிவயிற்றில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடி எல்லாவற்றையும் வெளியே தள்ளும். தண்ணீரோடு டீசல் கிடந்தால் அதையும்தான் தள்ளும். அன்று காலை படகைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நாங்கள் இருப்பது மொரிசியஸின் தென்கிழக்குக் கரையில், மாயேபூரில். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் இங்கே பக்கத்தில்தான் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று கசியத் தொடங்கி ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, நீள நீளமாகத் தைத்து, தண்ணீரில் விட்டுத் தடுத்த ஊர் இது. நானும் என் மனைவியும் அந்தத் தையலில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவே பல நாள் ஆனது. அதே தண்ணீரில் என் படகிலிருந்து ஒரு கரண்டி டீசல் போவதும் எனக்குத் தாங்காது.

படகு 24 அடி ஃபைபர் படகு, 1980களில் கட்டியது. தளத்துக்கு அடியில் இடமும் வலமும் ஒவ்வொரு அலுமினிய டேங்க், ஒவ்வொன்றும் சுமார் 150 லிட்டர். எந்த டேங்க், எந்த இடம் என்று கண்டுபிடிக்கத்தான் முதலில் அலைந்தேன். டீசல் வாடை வந்தால் டேங்கைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் நிரப்பும் ஹோஸ் வெடித்திருக்கலாம், டேங்கில் டீசல் அளவைக் காட்டும் கருவியின் வாஷர் போயிருக்கலாம். அதனால் இணைப்புகளைத் துடைத்துக் காயவைத்து, மேலே குழந்தைப் பவுடரைத் தூவினேன். கசிந்தால் பவுடரில் ஈரக்கோடு விழும். இரண்டு நாளாகியும் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. இடது டேங்கில் கால்வாசி மட்டும் விட்டுப் பார்த்தபோதும் அடியில் டீசல் ஊறியது. அப்போ ஓட்டை டேங்கின் அடியில்தான்.

அடுத்து நான் செய்தது தப்பு. கை எட்டிய ஓர் ஓரத்தில் ஈரமாகத் தெரிந்த இடத்தைச் சுரண்டி எபாக்ஸிப் பசை பூசினேன். பன்னிரண்டு நாள் நின்றது, பிறகு ஒரு சாண் தள்ளி ஊற ஆரம்பித்தது. ஈரம் தெரிந்த இடம் ஓட்டை இருந்த இடமே இல்லை. உள்ளே எங்கோ ஒழுகி, அங்கே வந்து எட்டிப் பார்த்திருக்கிறது.

சரி, டேங்கை வெளியே எடுத்தே தீருவது என்று ஜூலையில் படகைக் கரையேற்றினேன். மிச்ச டீசலைக் கைப்பம்பால் கேனில் இறைத்தேன். உங்களுடையது பெட்ரோல் படகு என்றால் இந்த இடத்தில் என்னைப் பின்பற்ற வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு ஸ்விட்சின் பொறி போதும். தெரிந்த ஆளை அழைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தை அறுத்துத் திறந்தால், டேங்கைச் சுற்றி மஞ்சள் ஃபோம். கட்டும்போதே ஊற்றி இறுக வைத்தது. பழைய ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து எடுத்தேன். மேலே இருந்தது உலர்ந்து பொடிந்தது. கீழே போகப் போக, ஊறிய ரொட்டி மாதிரி கையில் வந்தது. ஒரு துண்டைப் பிழிந்தேன், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. முழு நாள் அதற்கே போனது.

டேங்கைக் கவிழ்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. உட்புறம் சுத்தமாக இருந்தது, டீசல் அதை ஒன்றும் செய்யவில்லை. அடிப்புறம் முழுக்க வெள்ளைப் பொடி. ஊசியால் கீறினால் பொடி உதிர்ந்து குழி தெரிகிறது, அப்படி எத்தனையோ குழிகள், மூன்று மட்டும் மறுபக்கம் வரை போயிருந்தன. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். காற்று படுகிற வரை அதன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும், கீறினாலும் அது தானே மூடிக்கொள்ளும். ஈர ஃபோம் உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் அதன் மேல் ஒட்டவைத்துவிட்டால் ஆக்சிஜன் கிடைக்காது, தோல் திரும்ப மூடாது, உப்பு குழி தோண்டும். டேங்கைக் காக்க ஊற்றிய ஃபோமே அதைத் தின்றிருக்கிறது.

வெல்டர் அண்ணன் கடலூர்ப் பக்கத்துக்காரர், இங்கே ஒப்பந்தத்தில் வந்தவர். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்னச் சுத்தியால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டார்.

“ஓட்டை மூணுதாண்ணே. அடைச்சுக் குடுத்துடுங்க.”

“மூணு இல்ல தம்பி. மத்ததெல்லாம் வரிசையில நிக்குது. 3 மில்லி தகடு, பாதி இடத்துல 1 மில்லிகூட இல்ல. நெருப்பு வெச்சா விரிஞ்சு போயிடும். இதுல டீசல் ஊறி இருக்கு, சூடு பட்டா ஆவியாகும். கழுவாத டேங்க்ல நான் கை வைக்க மாட்டேன்.”

வாங்கிக்கொண்டு திரும்ப மனசில்லை, அங்கேயே புது டேங்குக்குச் சொல்லிவிட்டேன். 5083 ரக அலுமினியம், 4 மில்லி தகடு, நடுவில் தடுப்புத் தகடு, டிக் வெல்டிங். தையல்போல வரிவரியாக விழுந்த அந்த வெல்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

புது டேங்க் ஒழுகுகிறதா என்று காற்றடைத்துப் பார்க்கும் சோதனைக்கு கம்ப்ரஸரைத் தொடக் கூடாது. 0.2 பார் அழுத்தம் போதும், சைக்கிள் பம்பே அதிகம். 60 செ.மீக்கு 90 செ.மீ முகத்தில் அந்த 0.2 பாரே ஒரு டன்னுக்கு மேல் அழுத்துகிறது, கொஞ்சம் கூடினால் டேங்க் உப்பிவிடும். எல்லா வெல்டிலும் சோப்பு நுரை தடவி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையவில்லை, குமிழியும் இல்லை.

மறுபடி ஃபோம் இல்லை. டேங்க் தரையைத் தொடாமல் பட்டைகளின் மேல் நிற்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும், தண்ணீர் வந்தாலும் வடிய வேண்டும். பட்டைக்குச் சமையலறை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை அறுத்துப் பார்த்தேன். இடுக்கை அடைக்கும் சீலண்ட் பசை அதில் பிடிக்கவே இல்லை, மறுநாள் காலை நகத்தால் இழுத்ததும் தோல்போல உரிந்து வந்தது. அப்புறம் ஃபைபர் கிளாஸ் பட்டைகளை ஒட்டினேன். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் தண்ணீர் நுழைய இடமில்லாமல் சீலண்டை நிறையவே போட்டேன். ஹோஸ் மாட்டும் பித்தளை நிப்பிளை அலுமினியத்தில் நேரே திருகவில்லை, நடுவில் ஸ்டெயின்லெஸ் வைத்தேன். ஹோஸ்களும் எல்லாம் புதுசு.

டேங்கை ஏற்றி இன்றோடு ஒன்பது நாள். 40 லிட்டர் ஊற்றி, அடியில் வெள்ளைத் தாளை விரித்து வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், தாள் உலர்ந்தே இருக்கிறது. ஃபியூஸ் இன்னும் என் சட்டைப்பையில்தான். வலது டேங்கின் மேல் பலகையை நேற்றுக் கழற்றினேன், அங்கேயும் அதே மஞ்சள் ஃபோம், கைவிரலை உள்ளே விட்டால் ஈரம்.