ஆயிரம் இலக்கத்துக்கு ஒரு வவுச்சர்

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. காலடிப்பேட்டையில் காலை பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான், அடுத்த மாதம் பிளஸ் டூ. கிரிக்கெட்டுக்குப் போக முடியாத கடுப்பில் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா சித்தி, கேமும் இல்ல, படமும் இல்ல, வெறும் நம்பரா ஓடுது?"

"பெரிய எண் ஒண்ணு பகா எண்ணான்னு பாக்குறேன்டா."

"பெரிசுன்னா? ஆயிரம் இலக்கம் வருமா?"

அவன் கேட்டதற்காகவே ஒன்றை எடுத்தேன். 10^999 + 7. முதலில் ஒரு 1, நடுவில் 998 பூஜ்யம், கடைசியில் ஒரு 7. ஆயிரம் இலக்கப் பகா எண்களில் இதுதான் ஆகச் சிறியது. ஆனால் அது புத்தகம் சொல்வது, நாமே பார்க்க வேண்டாமா?

பள்ளிக்கூட வழியில் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கலாம். வர்க்கமூலமே 500 இலக்கம். அந்தப் பேச்சை அதோடு விட்டோம். ஃபெர்மா சொன்ன வழிக்கு அப்படிக் காரணி தேடி வகுக்கவே வேண்டாம்: எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதனாலேயே வகுக்கும்போது மீதி 1 வரும். என்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் திரையில் 1.

"அப்ப பகா எண்தான்!"

"இருக்கலாம். மீதி வேற ஏதாவது வந்திருந்தா இல்லன்னு அடிச்சு சொல்லிருப்பேன். 1 வந்தா 'இருக்கலாம்' மட்டும்தான்."

முகம் சுருங்கிவிட்டது பையனுக்கு.

மே 6, செவ்வாய்

நான் வேலை பார்ப்பது சென்னைத் துறைமுகத்துக்கு எதிர்ப்புறம், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபிஸில், கணக்குப் பிரிவு. 1912-இல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் இந்தத் துறைமுகத்தில், அதுவும் கணக்குப் பிரிவில்தான். அதைச் சொல்லி ஆபிஸில் பெருமையடித்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடிஞ்சுதாம்மா என்று கேட்பார்கள்.

பையனுக்கு 'இருக்கலாம்' என்பது ஏன் போதாது என்று காட்ட 1729-ஐ எடுத்தேன். டாக்ஸி நம்பர் கதை அவனுக்கும் தெரியும். தெரியாத பக்கம் வேறு. 1729 = 7 × 13 × 19, சந்தேகமில்லாத பகு எண். ஆனால் 1728 என்பது 6, 12, 18 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். அதனால் 7, 13, 19 எதுவும் கலக்காத எந்த எண்ணை வைத்து ஃபெர்மா சோதனை செய்தாலும் 1729 தேறிவிடும். 2, 3, 5 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தான், எல்லாவற்றுக்கும் 1. இப்படி ஏமாற்றுபவற்றுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். எண்ணிக்கையில் முடிவே கிடையாது, அது 1994-இல் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

பிடிக்க வழி உண்டு. 1728-ஐ இரண்டு இரண்டாக வகுத்துக்கொண்டே போனால் 27-இல் நிற்கும். அங்கிருந்து மேலே ஏற வேண்டும். 2^27-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கமாக்கினால் மீதி 1065. மறுபடி வர்க்கமாக்கினால் 1. இங்கேதான் மாட்டிக்கொண்டது. பகா எண்ணின் மீதிக் கணக்கில் வர்க்கம் 1 ஆவதற்கு 1, -1 இரண்டுக்கு மட்டும்தான் உரிமை. 1065 யார்?

அதோடும் விடவில்லை. 1065-இல் ஒன்று குறைத்து, 1064-க்கும் 1729-க்கும் மீ.பொ.வ. எடுக்கச் சொன்னேன். 133 வந்தது. 1729-ஐ 133-ஆல் வகுத்தால் 13. பொய் சொன்ன எண் தன் வாயாலேயே காரணியையும் சொல்லிவிட்டது. பையன் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மே 8, வியாழன்

மேலே செய்தது மில்லர்-ராபின் சோதனை. மில்லர் 1976, ராபின் 1980. தற்செயலாக எடுத்த ஒரு எண்ணை வைத்துச் சோதித்தால் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. இருபது தடவை மாற்றி மாற்றிச் செய்தால் லட்சம் கோடியில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடும். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ சாவிகளுக்கு 300 சொச்சம் இலக்கத்தில் பகா எண்கள் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் இந்த வகைச் சோதனையை நம்பித்தான் எடுக்கிறார்கள், நிரூபணம் கேட்பதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. அந்த வேலைக்கு அது தாராளம்.

"அப்புறம் எதுக்கு நிரூபிக்கணும்?" என்கிறான்.

எனக்குத் தெரிந்த பதில் என் தொழிலில் இருக்கிறது. லாரி வாடகை 14,000 என்று நான் ஆயிரம் தடவை சொன்னாலும் ஆடிட்டர் வவுச்சர் எங்கே என்பார். என்னைத் தெரியாத ஒருவர், என்னை நம்பாமலே சரிபார்க்க முடிவதுதான் நிரூபணம். சோதனை எத்தனை முறை தேறினாலும் அது நான் சொல்லும் சொல், அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

பையன் போனில் ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். போன அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த 2^136279841 - 1. 4,10,24,320 இலக்கம். நிரூபணமாகிவிட்டது. "நாலு கோடி இலக்கத்தையே முடிச்சிட்டாங்க, நம்ம ஆயிரம் இலக்கத்துக்கு நீ இழுக்குற?"

நல்ல கேள்வி. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். நிரூபிப்பது சுலபமா கஷ்டமா என்பதை எண்ணின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று குறைந்த எண்ணையோ ஒன்று கூடிய எண்ணையோ காரணிப்படுத்த முடிந்தால் நடுவில் நிற்பதை நிரூபித்துவிடலாம். டுரான்டுடையது மெர்சென் எண், அதாவது 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்தது. அதோடு ஒன்றைக் கூட்டினால் வெறும் இரண்டுகளின் பெருக்கல், அதைவிட நன்றாக உடைந்த எண் இல்லை. லூக்கா 1876-லேயே கையால் கணக்குப் போட்டு 2^127 - 1 பகா எண் என்று காட்டிவிட்டார், 39 இலக்கம். ஒன்று குறைந்த பக்கத்தை முழுக்க உடைக்கக்கூட வேண்டாம், உடைந்த பகுதி வர்க்கமூலத்தைத் தாண்டினாலே போதும் என்று காட்டியவர் பாக்லிங்டன். லீட்ஸில் பள்ளி ஆசிரியர். ஆண்டு 1914, ராமானுஜன் மெட்ராஸில் கப்பலேறிய அதே ஆண்டு.

சரி, நம்முடையது? ஒன்று குறைத்தால் 10^999 + 6. இரண்டால் வகுபடும், அதைத் தாண்டி ஒரு பிடியும் இல்லை. ஒன்று கூட்டினால் 10^999 + 8. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துள்ளினான்: "சித்தி, 8 வந்து 2-ஓட கனம்! 999-ஐ மூணால வகுக்கலாம்!" உண்மைதான், பத்தாம் வகுப்பு சூத்திரம். 10^333 + 2 ஒரு காரணியாகப் பிரிந்து வருகிறது. அதிலிருந்து ஒரு 2, ஒரு 3. அதற்கு மேல் மாலை வரை தட்டியும் பயன்படும் அளவுக்கு எதுவும் உதிரவில்லை. அவனே அந்த 8-ஐக் கண்டான் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மே 13, செவ்வாய்

பக்கத்து எண்கள் இரண்டும் கைவிட்டால் எலிப்டிக் கர்வ், அதாவது y^2 = x^3 + ax + b மாதிரிச் சமன்பாடு, நம் எண்ணின் மீதிக் கணக்கில். ஒவ்வொரு கர்விலும் எத்தனை புள்ளிகள் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை நம் எண்ணுக்கு அருகிலேயே, ஆனால் கர்வுக்குக் கர்வ் வேறாக வரும். ஆக இரண்டு எண்ணோடு நிற்க வேண்டியதில்லை, வாகாக உடையும் ஒன்று கிடைக்கும்வரை கர்வை மாற்றிக்கொண்டே போகலாம். கிடைத்ததும் நம் கேள்வி அதைவிடச் சிறிய ஒரு பகா எண்ணின் மீது போய் விழும். அதற்கு இன்னொரு கர்வ். இப்படியே இறங்கி இறங்கி, கையால் சரிபார்க்கும் அளவுக்கு வந்ததும் முடியும். கோல்ட்வாஸரும் கிலியனும் 1986-இல் சொன்ன யோசனை, அட்கின் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இறங்கிய படிகள் அத்தனையும் சேர்ந்ததுதான் சான்றிதழ்.

பாரி-ஜிபி என்ற கணித மென்பொருளில் போட்டுவிட்டு மீன் கழுவப் போனேன். காசிமேட்டு சங்கரா, விலை கேட்காதீர்கள். குழம்பு கொதிக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. மறுபடி முதலிலிருந்து.

மே 14, புதன்

முடிந்தது. சான்றிதழ் கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள், கீழே போகப் போக வரிகள் குட்டையாகின்றன.

மே 17, சனி

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அவன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் சரிபார்த்தான். கண்டுபிடிக்க ஆன நேரத்தில் ஒரு துளிகூட ஆகவில்லை. "1 வந்துருக்கு சித்தி" என்று மெசேஜ். பின்னாலேயே இன்னொன்று: "இந்த 1 அந்த 1 இல்லல்ல?" இல்லைடா, இது வேற 1. மீதி இல்லை, சான்றிதழ் சரி என்ற பதில்.

இப்படிக் காத்துக் கிடந்த எண்கள் நிறைய. 49,081 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண்ணை 1999-இல் டப்னர் 'பெரும்பாலும் பகா எண்' என்று கண்டார். நிரூபணம் வந்தது 2022-இல், இதே எலிப்டிக் கர்வ் வழியில்.

ஐஐடி கான்பூர்க்காரர்களைச் சொல்லவில்லையே என்று ஆபிஸ் தம்பி ஒருவர் கேட்டார். மணிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா, 2002. வாய்ப்புக் கணக்கும் இல்லாமல், நிரூபிக்காத ஊகம் எதையும் நம்பாமல், எந்த எண்ணுக்கும் நியாயமான வேகத்தில் முடிவு சொல்லும் முதல் வழி. கணினிக் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு பெற்றது. ஆனால் என் கம்ப்யூட்டரில் ஆயிரம் இலக்கத்துக்கு அதை ஓடவிட மாட்டேன். கோட்பாட்டில் அது மலை, வேலைக்கு எலிப்டிக் கர்வ்தான்.

மே 18, ஞாயிறு

பையன் இப்போது கையால் செய்யக் கேட்கிறான். 2^13 - 1, அதாவது 8191-ஐக் கொடுத்தேன். மெர்சென் எண்களுக்கான லூக்கா-லெமர் சோதனை: 4-இல் தொடங்கு, வர்க்கமாக்கு, 2 கழி, 8191-ஆல் வகுத்த மீதியை எடு. பதினோரு தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண்.

4, 14, 194, 4870, 3953, 5970, 1857 வரை கால்குலேட்டர் தொடாமல் வந்தான். அடுத்தது 36. "கிட்ட வந்துட்டேன்!" என்றான். அதற்கடுத்து 1294, பிறகு 3470. இதில் கிட்டவும் இல்லை எட்டவும் இல்லை என்றேன். அப்புறம் 128.

"இது 2^7 ஆச்சே?"

ஆமாம், கடைசிக்கு முந்தையது 2-இன் அடுக்காகவோ அதன் எதிர்மறையாகவோதான் வந்தாக வேண்டும், ஏன் என்று நீயே யோசி என்று விட்டுவிட்டேன். 128-இன் வர்க்கம் 16,384. இரண்டு போனால் 16,382. 8191-ஐ இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அடுத்து 2^17 - 1-ஐ எழுத ஆரம்பித்தான்.